லூர்துவின் நேர்ச்சையும் பேட்டரி ட்ரிம்மரும்

தம்பிகளே, பலகை ஓரம் சீவுகிற பேட்டரி ட்ரிம்மர் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டு யாராவது ஒருவர் எனக்குப் போன் போட்டுக்கொண்டேதான் இருக்கிறீர்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட தச்சனுக்கு இப்படியொரு மரியாதை கிடைப்பதில் சந்தோஷம்தான். ஆனால் நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "அண்ணே, வீடியோவுல ஒருத்தரு சூப்பர்ன்றாரு, இன்னொருத்தரு தண்டம்ன்றாரு" என்று நீங்களே பாதியைப் பேசிவிடுகிறீர்கள். பிறகு என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? வீடியோக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மெஷினைப் பார்த்துச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மெஷின் என்றால் ஒரு ஆளின் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவன் என் மச்சான் சவரிமுத்து, என் தங்கை லூர்துமேரியின் புருஷன். அவன் கதையைக் கேட்டுவிட்டு முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்று மூன்றில் நானும் சவரியும் திண்டிவனத்தில் ஒரே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தோம். அப்போது அவன் எனக்கு மச்சான் இல்லை, வெறும் கூட்டாளி. பண்டிகைக்கு ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பிட வந்தவன் மாப்பிள்ளையாகிவிட்டான். "உங்கம்மா வச்ச கறிக்கொழம்புக்குத்தான் மச்சான் கட்டிக்கினேன், உன் தங்கச்சிக்காக இல்ல" என்று லூர்துவின் காதில் விழும்படிதான் சொல்வான். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் மைக்கா வேலை என்றால் கைக்கு ரத்தக்காவு கொடுப்பது என்று அர்த்தம். பிளைவுட்டின் மேல் மைக்காத் தகட்டை ஒட்டினால் ஓரத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சீவிப் பலகையோடு சமமாக்க வேண்டும். இன்றைக்கு ட்ரிம்மரை வைத்து ஒரே இழுப்பில் முடித்துவிடுகிறீர்கள். அன்றைக்கு அரத்தை வைத்துத் தேய்க்க வேண்டும். மைக்கா ஓரம் பிளேடு மாதிரி. தேய்க்கத் தேய்க்க விரல் நுனியெல்லாம் கோடு கோடாகக் கிழியும். சாயங்காலம் குழம்பில் கை வைத்தால் எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

சில வருடம் கழித்துப் பட்டறைக்கு முதல் ட்ரிம்மர் வந்தது. கையில் பிடிக்கிற அளவு, வயர் வைத்தது, போட்டால் வண்டு மாதிரி கத்தும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துப் பயந்தோம். சவரி மட்டும் சும்மா கழிவுப் பலகையில் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே மாதத்தில் அது அவன் கையோடு ஒட்டிக்கொண்டது. எந்த ஓரத்தையும் ஒரே மூச்சில் ஓட்டுவான். நடுவில் நிற்க மாட்டான், எங்கேயும் கடிபடாது. விழுப்புரத்திலிருந்து கான்ட்ராக்டர்கள், "ஓரம் ஓட்டுறதுக்கு சவரியைக் கூட்டிக்கினு வா" என்று எனக்குச் சொல்லி அனுப்புவார்கள். நான் போனது அவனுக்குத் துணையாகத்தான் என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் பொய்யொன்றும் இல்லை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலை பஸ். பேருந்து நிலையத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் வாங்கி, ஜன்னலோரமாக உட்கார்ந்து உரித்துத் தின்றுகொண்டே போவோம். தோலை என் சட்டைப் பையில்தான் போடுவான். பெரிய வருமானம் இல்லை, பெரிய கவலையும் இல்லை. எனக்கு அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று தோன்றுகிற நாளெல்லாம் அந்த பஸ்தான் கண்ணில் வரும்.

பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. உங்களில் சின்னப் பையன்களுக்கு அது மறந்திருக்கும். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, கரண்ட் போகிற நேரமும் வருகிற நேரமும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் மாவு அரைத்தார்கள், மோட்டார் போட்டார்கள், தூங்கினார்கள். நாங்களும் அப்படித்தான். கரண்ட் போனால் சாப்பாடு, கரண்ட் வந்தால் வேலை. கடிகாரத்தை நம்புவதைவிட மின்வெட்டை அதிகம் நம்பினோம். அது ஏமாற்றாது என்று ஒரு எண்ணம்.

விழுப்புரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் அலமாரி வேலை. சவரி ஒரு கதவுப் பலகையில் ஓரம் ஓட்டிக்கொண்டிருந்தான். பாதியில் கரண்ட் போய் மெஷின் நின்றது. அவன் அதை அப்படியே பலகை மேல் வைத்துவிட்டு வந்தான். ஸ்விட்சை அணைக்கவில்லை. மெஷின் ஓடும்போது சத்தத்தால் நமக்குத் தெரியும். கரண்ட் இல்லாதபோது ஸ்விட்ச் போட்டிருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று பார்த்தால் ஒழியத் தெரியாது. சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு நான் ஜன்னலோரம் சாய்ந்தேன். அவனுக்குச் சும்மா இருக்க வராது. "தூளையாவது தட்டி வைக்கிறேன்" என்று எழுந்து போனான்.

"கரண்ட்டு வர இன்னும் நேரம் கெடக்குது மச்சான், நீ படு" என்றான்.

அன்றைக்குக் கரண்ட் முன்னாலேயே வந்துவிட்டது.

மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் ட்ரிம்மரின் கத்தலும் சவரியின் கத்தலும் ஒன்றாகக் கேட்டன. பலகை மேல் கிடந்த மெஷின் தானாக உயிர் வந்து சுழன்று, தூள் தட்டிக்கொண்டிருந்த அவன் வலது கையில் ஏறியிருந்தது. பிறகும் அது நிற்கவில்லை. பலகையெல்லாம் துள்ளிக்கொண்டு போனது. வீட்டுக்கார அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து, நல்ல மனதோடு, அதைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்கம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் மெஷின் பக்கமும் போகவில்லை, சவரி பக்கமும் போகவில்லை. எதிர்ச் சுவருக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன். தம்பிகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். அடிபட்டவனைப் பார்த்துத்தான் கால் ஓடும். அப்படி ஓடினால் அடிபட்டவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள். முதலில் கரண்ட், அப்புறம்தான் ஆள். சொல்வது சுலபம். சொந்த மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு கதறும்போது சுவரைப் பார்த்து ஓடுவது என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம்.

துண்டை இறுக்கிச் சுற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ஆட்டோவில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் அவன் துண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றான். நான் விடவில்லை. அவனுடைய மற்றொரு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முகமெல்லாம் வெளுத்துப்போய், உதடு நடுங்கிக்கொண்டு, "மைக்காவ வுட்டுட்டு என்னை ட்ரிம் பண்ணிட்சு பாரு மச்சான்" என்றான். எனக்கு அழுகைதான் வந்தது.

லூர்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வராந்தாவில் முழங்கால் போட்டாள். கையில் ஜெபமாலை. வருகிறவர் போகிறவர் யாரையும் பார்க்கவில்லை. "மாதாவே, இந்தக் கையை மட்டும் திருப்பிக் குட்த்துடு. இனிமே கரண்ட்டு மெஷின் எதையும் இவரு தொட மாட்டாரு. தொட வுட மாட்டேன்" என்று வாய்விட்டு நேர்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சாட்சி நான்தான்.

கை திரும்பக் கிடைத்தது. டாக்டர்கள் நன்றாகப் பார்த்தார்கள். ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. "நேந்துக்கினது அவ, விரதம் எனக்கு. இன்னா நியாயம் மச்சான் இது?" என்று கொஞ்ச நாள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் நேர்ச்சையை மீறவில்லை. அவனுக்கும் பயம் இருந்தது. பக்கத்தில் யாராவது ட்ரிம்மர் போட்டால் அவன் தோள் தூக்கிக்கொள்ளும். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

இது நடந்த பிறகு வந்த வருடங்களில் எல்லாம் மைக்கா, எல்லாம் அவசரம். "ஜல்தியா முடி, ஜல்தியா முடி" என்பதுதான் பேச்சு. மெஷின் தொடாத ஆசாரி யாருக்கு வேண்டும்? என்னோடு வருவான். பலகை தூக்குவான், உப்புத்தாள் போடுவான், பாலிஷ் அடிப்பான். ஒருநாள் ஒரு புது கான்ட்ராக்டர் என்னிடம், "அந்த ஹெல்ப்பர் பெரியவரையும் கூட்டிக்கினு வாங்க, லோடு எறக்கணும்" என்றார். சவரி பக்கத்தில்தான் இருந்தான். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் மல்லாட்டை வாங்கி நீட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிறகு மெல்ல வேடிக்கைப் பேச்சும் நின்றுபோனது. விரல் மடங்காததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் விழுப்புரத்தில் ஒரு கடையில் பேட்டரி ட்ரிம்மரைப் பார்த்தேன். வேறு ஏதோ வாங்கப் போனவன் அதைக் கையில் எடுத்துவிட்டேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு பேட்டரி டிரில் இருந்தது. அதே பேட்டரி இதற்கும் பொருந்தும், மெஷினை மட்டும் வாங்கினால் போதும் என்றார் கடைக்காரர். இருந்தாலும் விலை வயர் மெஷினைவிடக் கூடுதல். தலைப்பக்கம் கனம் அதிகம், ஓரத்தில் வைத்தால் சாயப் பார்க்கிறது. நாள் முழுக்கப் பட்டறையில் ஓட்டுகிறவனுக்கு பேட்டரி தாங்காது, மாற்றி மாற்றிப் போட்டே பேஜாராகிவிடும். இதெல்லாம் அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றும் என் கருத்து அதுதான். பிளக் பக்கத்தில் இருக்கிற பட்டறைக்கு வயர் மெஷின் போதும். வீடு வீடாக ஏறி இறங்கி, ஒரு கதவு இங்கே, ஒரு கீல் அங்கே என்று வேலை செய்கிறவனுக்கு பேட்டரி மெஷின் லாபம். அதுவும் கையில் இருக்கிற பேட்டரியோடு சேர்கிற மெஷினாக வாங்குங்கள்.

நான் திருப்பி வைக்கப் போனேன். கடைக்காரர், "ஒண்ணு பாருங்க" என்று வாங்கி, வெட்டுகிற பிட்டைக் கழற்றிவிட்டு, பேட்டரியை உருவி, ஸ்விட்சைப் போட்ட நிலையிலேயே பேட்டரியைத் திரும்பச் செருகினார். மெஷின் ஓடவில்லை. ஒரு சின்ன விளக்கு மட்டும் மினுக்கியது. "ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணாத்தான் ஓடும்ங்க. தானா ஓடாது" என்றார். அன்றைக்கு சவரி கையில் இந்த மெஷின் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். எல்லா மெஷினிலும் இந்த வசதி இருக்காது. அதனால்தான் கடையிலேயே சோதித்து வாங்கச் சொல்கிறேன்.

லூர்து வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். சவரியின் கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. "லூர்து, கரண்ட்டு மெஷின்னுதானே நேந்துக்கின? இது பேட்டரி மெஷினு" என்று தொடங்கினான்.

"மாதாகிட்டயே வக்கீல் வேலை பாக்கறியா?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கும் சேர்த்து ஒரு பார்வை பார்த்தாள். நான் சாப்பாட்டைக் கூட முடிக்காமல் எழுந்துவிட்டேன்.

அவள் மனம் மாறியது என் பேச்சால் இல்லை. திண்டிவனத்தில் பக்கத்துத் தெருவிலேயே ஒரு வீட்டில் சமையலறை வேலை செய்துகொண்டிருந்தோம். ட்ரிம்மர் வைத்திருக்கிற ஆள் அன்று வரவில்லை. வேலை நிற்கக் கூடாது என்று சவரி எங்கிருந்தோ பழைய அரத்தைத் தேடி எடுத்து மைக்கா ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மடங்காத விரலை வைத்துக்கொண்டு அரத்தைச் சரியாகப் பிடிக்க முடியாது. வழுக்கி வழுக்கி மற்ற விரல்கள் ஓரத்தில் போய் மாட்டும். லூர்து சாப்பாடு கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். அவன் விரல் நுனிகளில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. டேப்புக்கு மேலும் ரத்தம் கசிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அவள் கிட்டே போய் அந்தக் கையை இழுத்து டேப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இந்தக் கைக்காகத்தானே நான் மாதாகிட்ட கெஞ்சினேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, அந்த மெஷின எனக்குக் காட்டு. நான் பாக்கணும்" என்றாள்.

மறுநாளே மூன்று பேரும் விழுப்புரம் போனோம். கடைக்காரரிடம் சொல்லிப் பிட்டைக் கழற்றிவிட்டு மெஷினை லூர்துவின் கையில் கொடுத்தேன். அவள் ஸ்விட்சைப் போட்டாள், பேட்டரியைச் செருகினாள். ஓடவில்லை. உருவினாள், மறுபடி செருகினாள். ஓடவில்லை. கடைக்காரருக்கு எரிச்சல் வருகிற வரைக்கும் செய்துகொண்டிருந்தாள். மாதாவுக்கு வாக்குக் கொடுத்தவள் அவள். அந்த வாக்கை எடுத்துக் கீழே வைக்கிற கணம் அது. சவரி ஒரு ஓரமாக, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான்.

"மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. பேட்டரி எங்கிட்டதான் இருக்கும்."

மெஷினை வாங்கினோம். அப்படித்தான் ஆயிற்று. ராத்திரி அவள் வீட்டுச் சமையலறையில்தான் பேட்டரி சார்ஜ் ஏறும். காலையில் சோற்றுத் தூக்கோடு சேர்த்து அவள் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் சவரிக்கு அன்றைக்கு மெஷின். கோயிலுக்குப் போய் அவள் என்ன பேசினாள், பதிலுக்கு என்ன நேர்ந்துகொண்டாள் என்று எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அவள் மீன் தொடுவதில்லை என்பதைக் கொஞ்ச நாள் கழித்துக் கவனித்தேன். மீன் என்றால் உயிரை விடுகிறவள் அவள்.

முதல் வேலை, அவன் அரம் தேய்த்த அந்தப் பக்கத்துத் தெரு வீட்டிலேயே. சவரி மெஷினை எடுத்தான், பேட்டரியைப் போட்டான், ஓரத்தில் வைத்தான். ஸ்விட்சைப் போடவில்லை. இறக்கி வைத்துவிட்டான். மறுபடி எடுத்தான், மறுபடி வைத்தான். "நீ ஓட்டு மச்சான், நான் பலகையைப் புடிச்சுக்கிறேன்" என்றான் என்னைப் பார்க்காமல். வாங்கி ஓட்டுவது எனக்கு ஒரு நிமிட வேலை. வாங்கியிருந்தால் அவன் கதை அத்தோடு முடிந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. "எனக்கு டீ குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாசலில் நின்றுகொண்டேன். தெருவில் லூர்து வந்துகொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் ஆகவில்லை, கையில் தூக்கும் இல்லை. எதற்கு வருகிறாள் என்று நான் கேட்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். அவள் அவனுக்குப் பக்கத்தில் நின்று பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "போடு. நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாள். அவன் அவளைப் பார்த்தான். மெஷின் கத்த ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள், பலகையை விடவில்லை. அவன் அந்த முனையில் தொடங்கி இவள் கைக்கு ஒரு சாண் முன்பு வரை ஒரே மூச்சில் ஓட்டி நிறுத்தினான். ஸ்விட்சை அணைத்தான், பேட்டரியை உருவினான், அதை அவள் கையில் கொடுத்தான்.

லூர்து பேட்டரியை இடுப்பில் செருகிக்கொண்டு, சீவிய ஓரத்தில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே போனாள். எங்கேயும் மாட்டவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் குரலில் ஒன்றும் காட்டவில்லை.

"சரி" என்று பேட்டரியை அவனிடம் நீட்டினாள். "அட்த்த பலகைய எடு."